ஒட்டுத் தெரியும் சிற்பங்கள்

தியாகராய நகரில் அய்யாதுரை வைத்திருந்த பாத்திரக் கடையின் வாசலில் ஒரு முக்காலியும் பேர் வெட்டுகிற மெஷினும் இருந்தன. கல்யாணச் சீருக்குக் குடமோ தாம்பாளமோ வாங்குகிறவர்கள் அங்கேயே நின்று பெயர் வெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஆள் ஒரு முகூர்த்த மாதத்தின் நடுவில் சொல்லாமல் நின்றுவிட்டபோது, அய்யாதுரையின் இரண்டாவது மகள் சந்திரிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதுதான் தகுதி.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒரு சாயங்காலம், ஒரு அம்மாள் பெரிய எவர்சில்வர் குடம் ஒன்றை எடுத்து, "கோமளம்னு போடும்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குடத்தில் கோமளம் இல்லை. கழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, வயிற்றைச் சுற்றி இறங்கி, ஓரிடத்தில் அறுந்து, வேறோரிடத்தில் முளைத்து, அடிவரைக்கும் போயிருந்தது.

"இது எந்த ஊரு எழுத்து?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

அய்யாதுரை மன்னிப்புக் கேட்டு, வேறு குடத்தில் வேறு ஆளைக் கொண்டு பெயர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். பிறகு மகளிடம் வந்தார். "ஏட்டி, பேரு வெட்டச் சொன்னா பேரு வெட்டணும். இது என்னது?"

"தெரியலப்பா. கை அப்படிப் போச்சு."

"என்னதுன்னு தெரியாமலா இம்புட்டு நேரம் உக்காந்து வெட்டுன?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, நடைபாதையில் கூடை வைத்து வியாபாரம் தொடங்கி, கடை பிடித்த மனிதர் அவர். உபயோகம் தெரியாத ஒரு பொருளைத் தன் மகள் இவ்வளவு கவனத்தோடு செய்திருக்கிறாள் என்பது உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. சந்திரிகாவுக்கும்தான். ஆனால் அந்தக் கோட்டை இழுத்த நேரத்தில் கடை, தெரு, கூட்டம் எதுவும் தன் காதில் விழவில்லை என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த நேரம் திரும்ப வேண்டும் என்று இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். அதைப் படித்து எதை விற்பாய் என்று அய்யாதுரை இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அம்மா பங்கஜம்தான் சோறு போட்டுக்கொண்டே பேச்சை முடித்து வைத்தாள். "படிச்சிட்டுப் போறா. நகையா கேட்டா, நெலமா கேட்டா?"

கல்லூரியில் மற்றவர்கள் களிமண்ணிலும் கல்லிலும் நின்றார்கள். சந்திரிகா இரும்புத் தகட்டுக்குப் போனாள். களிமண் சொன்னதையெல்லாம் கேட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தகடு மறுத்தது. தட்டத் தட்ட விறைத்துக்கொண்டு, பிறகு ஏதோ ஓரிடத்தில் மனம் மாறியதுபோல வளைந்து கொடுத்தது. தலையும் கையும் காலும் உள்ள உருவங்களைச் செய்யச் சொன்னபோது செய்து மதிப்பெண் வாங்கினாள். தனக்காகச் செய்தபோது மடிப்புகளையும் வளைவுகளையும் மட்டுமே செய்தாள்.

பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடங்கள் வருவதற்கு முன்னால், கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறையின் பாதிக் கொட்டகையை அவள் வாடகைக்குப் பிடித்தாள். காற்று திசை மாறினால் குப்பைமேட்டுப் புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டறைக்காரர் முதலில், பெண்பிள்ளை வெல்டிங் வைத்தால் கரண்ட் அதிகம் ஆகுமா என்று விசாரித்தார். அவர் காலத்துக்குப் பிறகு பட்டறை அவருடைய மகன் ஃபராஸிடம் வந்தது. ஃபராஸ் அவளை அக்கா என்று கூப்பிட்டான்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஒருநாள் சாய்நாத் வந்தான். மந்தைவெளியில் வீட்டோடு வயலின் வகுப்பு நடத்துகிறவன். வாசலுக்கு ஒரு கேட் செய்யச் சொல்ல வந்தவன், மின்சாரம் போனதால் காத்திருந்தான். காத்திருந்தவன் சும்மா இருக்காமல் சந்திரிகாவின் பக்கம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒரு தகட்டை விரலால் சுண்டினான்.

"அதத் தொடாதீங்க. ரேகை பதிஞ்சிடும்."

"ஸாரி. ஆனா சத்தம் எவ்வளவு நேரம் நிக்கறது பாருங்கோ" என்று அவன் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஓசை அடங்கும்வரை அவளும் சேர்ந்து கேட்டாள்.

கேட் தயாராகி வீட்டில் மாட்டிய பிறகும் அவன் கேட்டைப் பற்றி விசாரிக்க வந்துகொண்டே இருந்தான். கல்யாணம் நடந்தது. கடைக்காரர் வீட்டிலும் வயலின்காரர் வீட்டிலும் நடந்த பேச்சுகளைச் சொன்னால் அது தனிக் கதை. சாய்நாத்தின் அம்மா காமாக்ஷிக்கு மருமகளின் ஜாதி ஒரு வருஷத்தில் பழகிவிட்டது, பழகாதது வேறொன்று. "ஆம்படையானைச் சாய், சாய்னு பேர் சொல்லிக் கூப்பிடறாளே, கேக்கவே நன்னால்ல" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சந்திரிகா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெல்டிங் பொறி சுட்ட முன்னங்கையைப் பிடித்துப் பார்ப்பவளும் அவள்தான். "இன்னிக்கும் பொத்துண்டு வந்திருக்கியா? உக்காரு" என்று தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

சந்திரிகாவின் பெயர் மெதுவாக வெளியே தெரிந்தது. அவளுடைய சிற்பங்களைப் பற்றிப் பேசினவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: ஒட்டே தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ஒரு வளைவு, பத்துப் பதினைந்து தகடுகளைச் சேர்த்துச் செய்தது, ஒரே மூச்சில் வார்த்துவிட்டதுபோல இருக்கும். அதற்காக அவள் வெல்டிங் வைத்த ஒவ்வொரு இணைப்பையும் கிரைண்டரால் தேய்த்தாள். இணைப்பு இருந்த இடம் அவளுக்கே மறந்துபோகும்வரை தேய்த்தாள். மணிக்கணக்காக, வருஷக்கணக்காக அந்தச் சத்தம்.

காதில் பஞ்சாவது வைத்துக்கொள் என்று சாய் சொல்லாத நாள் இல்லை. "காதை அடைச்சுக்கிட்டா தகடு என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பாள். அது சாக்கு அல்ல. சுத்தியல் அடியில் தகடு எந்த அளவுக்கு இழுபட்டிருக்கிறது என்பதை அவள் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பாள். வெல்டிங் ராடு தகட்டிலிருந்து சரியான தூரத்தில் ஓடினால், வடைச்சட்டியில் எண்ணெய் சீராகப் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தூரம் கூடினால் சத்தம் சீறும், இணைப்பும் கெடும். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கண் பார்ப்பதைவிடக் காது முன்னால் பார்த்துவிடும்.

அய்யாதுரை ஒவ்வொரு கண்காட்சிக்கும் வந்தார். வெள்ளை வேட்டியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பார். "இது என்னம்மா?" என்பார். வயதோடு 'ஏட்டி' போய் 'அம்மா' வந்திருந்தது. சந்திரிகா ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிப் பார்ப்பாள். ஒருமுறை, நெருக்கி நிற்கும் மடிப்புகளைக் காட்டிக் கேட்டபோது, "நெரிசல்ப்பா" என்றாள். அவர் தலையாட்டினார். "அப்பச் சரி. தீவாளி நேரத்து நம்ம தெரு." வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த நல்ல விமர்சனங்களில் அதுவும் ஒன்று. அவர் இறந்த வருஷம் அவள் எந்தக் கண்காட்சியும் வைக்கவில்லை.

சந்திரிகாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், சாய்நாத்தின் மாணவி வர்ஷினி வாசித்துக்கொண்டிருந்த அறைக்குள் சந்திரிகா காப்பியோடு வந்து, "இந்தா சாய், ஆறிடப் போகுது" என்றாள். வர்ஷினி அப்போது மேல் ஸ்தாயியில் நின்றிருந்தாள். வில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவில் பேசுகிற பழக்கம் சந்திரிகாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்த வாரமும் அதேபோல நடந்தது. சாய்நாத் அடையாற்றில் ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கினான்.

டாக்டர் புஷ்ரா ஹெட்போன் மாட்டிச் சோதித்துவிட்டு, ஒரு கோடு பாதி தூரம் சமமாகப் போய்ச் சட்டென்று பள்ளத்தில் விழுகிற படத்தைக் காட்டினாள். "மேல் சத்தமெல்லாம் போயிருக்கு. இவ்வளவு வருஷமா காதுக்கு எதுவுமே போடலையா?"

"இல்ல."

"போனது திரும்பி வராதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். கிரைண்டர், சுத்தியல் ரெண்டையும் விட்டா நல்லது. விட முடியாதுன்னா மூடிக்கிட்டுச் செய்ங்க."

வெளியே உட்கார்ந்திருந்த சாய்நாத்திடம், "வயசாகுதுல்ல, அதான்னு சொல்றாங்க" என்றாள் சந்திரிகா. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, வா" என்று மட்டும் சொன்னான்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மயிலாப்பூரில் ஒரு சபா புதிதாக அரங்கம் கட்டிக்கொண்டிருந்தது. அதன் முகப்புக்கு ஒரு பெரிய சிற்பம் செய்ய அவளிடம் பேசி முடித்திருந்தார்கள். வீணையோ நடராஜரோ வேண்டும் என்ற கமிட்டியை, அந்தச் சபாவின் செயலாளர் சுந்தரவல்லி பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். சந்திரிகா அதுவரை செய்தவற்றில் அதுதான் பெரியது. சங்கீத அரங்கத்துக்குச் சிற்பம் செய்கிறவளுக்குக் காது போய்விட்டது என்று யாரிடம் சொல்வது?

சொல்லாமலே வேலை செய்தாள். பழக்கத்தில் கை ஓடியது. சத்தம் குறைந்து கேட்டதை, வெகு தூரத்தில் யாரோ வேலை செய்வதுபோலக் கேட்டதை, அவள் பொருட்படுத்தவில்லை.

அரங்கத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் அதை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபராஸும் அவன் ஆட்களும் சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கினார்கள். சந்திரிகா அடியில் நின்று, வளைவு சரியாக விழுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எல்லோரும் விலகி ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று அவள் யோசிப்பதற்குள் ஃபராஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் நின்ற இடத்தில் மேல் மடிப்பு வந்து இறங்கியது. அந்தச் சத்தம் மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

ஃபராஸின் முழங்கை சிராய்ந்திருந்தது. வேறு யாருக்கும் அடி இல்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "இன்னாக்கா, உனுக்குக் கேக்கலியா? டிக்கு டிக்குனு சத்தம் வருது, அத்தினி பேரும் ஓட்றோம், நீ மட்டும் அப்டியே நின்னுகினு கீற?"

"கேக்கல ஃபராஸ்" என்றாள் சந்திரிகா. அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அவள் முறிந்த இணைப்பின் அருகில் குந்தி உட்கார்ந்தாள். தேய்த்து மினுக்கிய மேற்பரப்புக்குக் கீழே, உலோகம் ஆப்பத்தின் நடுப்பாகம்போலத் துளைத்துளையாக இருந்தது. ராடு விலகி விலகி ஓடியிருக்கிறது. சீறியிருக்கும். அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே எப்போதும்போல ஒட்டே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாய்நாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் அவன். "அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு காத்துண்டிருந்தேன்."

அவளுக்கு அழுகை வரும் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா? இன்னைக்கு என் தலையில விழுந்திருக்கும். என் தலையில இல்லன்னா அந்தப் பையனுங்க தலையில."

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"நான் பொய் சொன்னேன். நீ அதுக்குத் துணைக்கு நின்ன."

சில நாட்கள் அவரவர் சோற்றை அவரவரே போட்டுக்கொண்டார்கள். தன் கோபத்தில் பாதி தன்மேல்தான் என்பது சந்திரிகாவுக்குத் தெரியும். மீதிப் பாதி நியாயமானது என்பது சாய்நாத்துக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலையில் அவன் வகுப்புகளைத் தள்ளி வைத்துவிட்டு அவளோடு பெருங்குடிக்குக் கிளம்பினான்.

"நல்ல வெல்டிங் எப்படிச் சத்தம் போடும்னு சொல்லு. நான் கேட்டுச் சொல்றேன்."

கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். சத்தம் மாறினால் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவன் நல்ல காது எல்லாவற்றையும் கேட்டது: பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் கட்டரை, சாலையின் ஹாரனை, மின்சாரத்தின் முனகலை. கை அடிக்கடி மேலே போயிற்று. போகாத நேரத்தில், அவன் சத்தத்தின் சுருதியில் லயித்துப்போய் மறந்திருந்தான். சில வாரங்கள் இப்படி ஓடின. வெல்டிங் தேறவில்லை, கோபம் தேறிவிட்டது. "போதும் சாய். நீ போய்ப் பசங்களுக்குச் சொல்லிக் குடு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தாள். இன்னொருத்தர் காதை நம்பி ஒட்டுகிற ஒட்டு தனக்கு வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் வேறு எப்படி ஒட்டுவது என்று தெரியவில்லை.

திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் ஒருநாள் வண்டிக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் ஒரு பழைய பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டுத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட் ஆணிகள் வரிசை வரிசையாக இருந்தன. சில புதியவை, சில துருப்பிடித்தவை. வண்டி முழுவதும் நடுங்கிற்று; தகடுகளும் நடுங்கின; ஆனால் பிடி விடவில்லை. சந்திரிகா உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாள். இன்ஜினின் அதிர்வு முழங்கைவரை ஏறியது. ஒரு ரிவிட்டின் பக்கத்தில் மட்டும் அது கிசுகிசுப்பாக, வேறு மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தாள். அந்த ஒன்று தளர்ந்திருந்தது.

"ஏறணும்னா ஏறும்மா, தடவிக்கினு நிக்காத" என்றார் நடத்துநர். அது அவள் போக வேண்டிய வண்டி அல்ல. ஆனாலும் ஏறி, தகட்டோரமாக உட்கார்ந்து, கையை எடுக்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள்.

சுந்தரவல்லியிடம் எதையும் மறைக்கவில்லை. காதைப் பற்றிச் சொன்னாள், முறிந்ததைப் பற்றிச் சொன்னாள், ரிவிட் போட்டுச் செய்த சிறிய மாதிரி ஒன்றைக் காட்டினாள். சுந்தரவல்லி அதை மேஜைமேல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷி. சொல்வதற்குச் சங்கடப்பட்டார்.

"உங்க வேலையில ஒட்டே தெரியாதுன்னு சொல்லித்தான் கமிட்டியை ஒத்துக்க வெச்சேன். இதுல தைச்ச துணி மாதிரி எல்லாம் தெரியறதே. நேக்கு என்னமோ இன்னும் முடிக்காத வேலை மாதிரி இருக்கு. திறப்பு விழாவுக்கு வேற நாள் குறிச்சாச்சு."

அரங்கத்தின் முகப்பில் ஒரு வீணை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. சந்திரிகா திறப்பு விழாவுக்குப் போனாள், கச்சேரியையும் முழுக்க உட்கார்ந்து கேட்டாள், கேட்ட அளவுக்கு.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் திரும்ப மாணவி ஆனாள். ரிவிட் துளை ஒரு நூலளவு விலகினால் தகடு முறுக்கிக்கொண்டது. முதலில் செய்தவை தகர டப்பா மாதிரி வந்தன, வெட்டிப் போட்டாள். காதுகளை இப்போது நன்றாக மூடிக்கொண்டாள். இடது கையைத் தகட்டின் பின்பக்கம் வைத்து, வலது கையால் அடித்தாள். ரிவிட் இறுகிவிட்டால் அடி சிதறாமல் உள்ளங்கைக்கு வந்து சேரும். இறுகவில்லை என்றால் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம் மிஞ்சும். தேய்ப்பதற்கு எதுவும் இல்லை. எங்கே சேர்ந்திருக்கிறதோ அங்கே சேர்ந்திருப்பது தெரிந்தது. இத்தனை வருஷமாக எதை மறைக்க அவ்வளவு சத்தம் போட்டோம் என்று சில சமயம் யோசிப்பாள். பழைய சிற்பங்களின் மீது வெறுப்பு வரவில்லை. அவை வேறொரு பெண் செய்தவைபோல இருந்தன; அந்தப் பெண்ணைத் தெரியும், அவ்வளவுதான்.

அடையாற்றில் ஒரு சின்னக் கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது பேச்சு இரண்டு விதமாக இருந்தது. பழைய நளினம் போய்விட்டது என்று அவள் மதிக்கிற ஒருவரே எழுதினார். அது வலித்தது. ஆனால் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சந்திரிகா வேறொன்றைக் கவனித்தாள். வந்தவர்கள் சிற்பங்களைத் தொட்டார்கள். பழைய வழவழப்பின் முன்னால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்; ரேகை பதிந்துவிடும் என்று அவளே பயந்தாள், அவர்களும் பயந்தார்கள். இங்கே யாரும் சொல்லாமலே விரல் ரிவிட் வரிசையைப் பிடித்துக்கொண்டு, அது போகிற வழியில் போயிற்று. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

திருவான்மியூர்க் கடற்கரைப் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கம் தங்கள் பூங்காவுக்கு ஒன்றைக் கேட்டது. கடல் காற்றில் துரு வரும், ரிவிட் தளரும் என்று முதலிலேயே சொன்னாள். "தளர்ந்தா என்ன பண்றது?" என்றார்கள். "நான் வந்து மாத்தித் தர்றேன். மாத்தற மாதிரிதான் செய்வேன்" என்றாள். சபாவுக்காகத் தொடங்கி முறிந்துபோன அந்த வளைவின் வடிவம்தான் அது. அளவில் கொஞ்சம் சிறியது.

இந்தத் தை மாதம் அவளும் சாய்நாத்தும் அதைப் பார்க்கப் போனார்கள். காலை வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு நடுவயதுப் பெண் சிற்பத்தின் வளைவில் முதுகைச் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வளைவு அவள் முதுகுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

சந்திரிகா பையைக் கீழே வைத்துச் சுத்தியலை எடுத்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். "ரிப்பேர் பண்ண வந்தீங்களா? கொஞ்சம் இருங்க, நான் முடிச்சுக்கறேன்."

"மெதுவா முடிங்க" என்றாள் சந்திரிகா. காது கேட்பதற்கு இப்போது மாட்டிக்கொள்ளும் கருவியைக் கழற்றிச் சாய்நாத்தின் சட்டைப் பையில் போட்டாள். அந்தப் பெண் நகரும்வரை, தளர்ந்த ரிவிட் எது என்று மறுபக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.